பதினோராம் நாள் உங்கள் வீட்டில் என்ன சமையல்?

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் மொரீசியஸில், ரோஸ் ஹில்லில் இருக்கிறேன், தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் கணவருக்கு 47 வயது. எபெனில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மாதத்தில் பாதி நாள் இரவு ஷிஃப்ட். சென்ற மாதம் அலுவலகத்தில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை செய்தார்கள். உயரம் 170 செ.மீ., எடை 76 கிலோ, இடுப்பு 98 செ.மீ., ரத்த அழுத்தம் 150/94, வெறும் வயிற்றில் சர்க்கரை 6.4, மொத்தக் கொலஸ்ட்ரால் 5.9, எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 3.9, எச்.டி.எல். என்ற நல்ல கொலஸ்ட்ரால் 0.9, ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 2.4 (இந்த ரத்த எண்கள் எல்லாம் மில்லிமோல் கணக்கில்). ஹெல்த் சென்டரில் இரண்டு மூன்று முறை அழுத்தம் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வாரம் போட்டார், 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று நிறுத்திவிட்டார். நாளுக்கு ஐந்தாறு சிகரெட். சனிக்கிழமை நண்பர்களோடு ரம், கூடவே கஜாக் (குடிக்கும்போது கொறிக்கும் தின்பண்டம்).

மாமனார் 1986-ல் மாரடைப்பில் இறந்தார், அப்போது அவருக்கு 49 வயது. கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர், ஒல்லியான உடம்பு. அதனால் 'எடைக்கும் இதயத்துக்கும் சம்பந்தமில்லை, எல்லாம் தலையெழுத்து' என்கிறார் கணவர். வருஷா வருஷம் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பார். அந்தப் பத்து நாளும் இறைச்சி, ரம், சிகரெட் எதையும் தொடமாட்டார். அதிலேயே உடம்பு சுத்தமாகிவிடும் என்று அவரும் மாமியாரும் சொல்கிறார்கள். மாமியார் தினமும் முருங்கை இலை வேகவைத்த தண்ணீர் கொடுக்கிறார். ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டில் மாதம் ஆறு லிட்டர் எண்ணெய் ஆகிறது. தேங்காய் எண்ணெய்க்கு மாறலாமா? மாத்திரை இல்லாமல் சாப்பாட்டாலேயே சரி செய்ய முடியுமா? நான் வாயைத் திறந்தாலே சண்டை வருகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எண்களை இவ்வளவு ஒழுங்காக எழுதி அனுப்பியதற்கு நன்றி. அதனால்தான் என்னால் பொதுவாகப் பேசாமல் உங்கள் வீட்டைப் பற்றியே பேச முடிகிறது.

மற்ற எதற்கும் முன்னால் ஒன்று. அந்த மாத்திரையை அவர் மறுபடி தொடங்க வேண்டும். இந்த வாரமே அதே ஹெல்த் சென்டருக்குப் போய், நிறுத்தியதை மறைக்காமல் சொல்லி, அழுத்தத்தைத் திரும்பப் பார்த்துக்கொள்ளட்டும். திட்டு விழுமோ என்று தயங்க வேண்டாம். மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று அவர் சொல்வதும் பொய் இல்லை. 150/94 எந்த வலியும் தராது, தலைகூடச் சுற்றாது. இரத்தக் குழாய், இதயம், சிறுநீரகம் எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் தேய்க்கும். வலி வந்த பிறகு மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருப்பவருக்கு முதல் வலியே மாரடைப்பாக வரலாம்.

சரி, இப்போது எடைக்கு வருகிறேன்.

170 செ.மீ. உயரத்துக்கு 76 கிலோ என்றால் உடல் நிறைக் குறியீடு 26-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது. ஐரோப்பியரை வைத்துப் போட்ட அளவில் 25-க்கு மேல் போனால்தான் அதிக எடை. ஆனால் நம்மைப் போன்ற ஆசிய வம்சாவளியினருக்கு 23-லிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-லேயே சொல்லிவிட்டது. இருந்தாலும் நான் தராசைவிட நாடாவைத்தான் நம்புகிறேன். நம் ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.-க்குள்ளும் பெண்களுக்கு 80 செ.மீ.-க்குள்ளும் இருக்க வேண்டும். வீட்டிலேயே பார்க்க இன்னும் சுலபமான வழி ஒன்று உண்டு, இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அவருக்குப் பாதி என்றால் 85. இருப்பதோ 98.

நம் ஆட்களின் உடல்வாகு அப்படி. கை கால் மெலிந்திருக்கும், முகம் ஒட்டியிருக்கும், கொழுப்பு மட்டும் வயிற்றுக்குள்ளே குடலையும் ஈரலையும் சுற்றிச் சேரும். பார்க்கிறவர்கள் 'ஆள் இளைத்துப்போனாரே' என்பார்கள். அந்தக் கொழுப்பு அங்கே சும்மா கிடப்பதில்லை. அதிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேராக ஈரலுக்குப் போகின்றன. ஈரல் அதை ட்ரைகிளிசரைடாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. ட்ரைகிளிசரைடு ஏறினால் நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். இறங்கும். இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேட்காமல் போகும், சர்க்கரை மெல்ல ஏறும், அழுத்தமும் கூடவே ஏறும். உங்கள் கணவரின் எண்களை இப்போது திரும்பப் பாருங்கள். இடுப்பு 90-க்கு மேல், அழுத்தம் 130/85-க்கு மேல், சர்க்கரை 5.6-க்கு மேல், ட்ரைகிளிசரைடு 1.7-க்கு மேல், எச்.டி.எல். 1-க்குக் கீழே. இந்த ஐந்தில் மூன்று சேர்ந்தாலே அதற்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். அவரிடம் ஐந்தும் இருக்கின்றன. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வெறும் வயிற்றில் 7 ஆனால்தான் நோய் என்போம். ஆனால் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உள்ள தீவு இது. அந்தப் பாதையில் அவர் பாதிக்கு மேல் நடந்துவிட்டார்.

மாமனாரைப் பற்றி நீங்கள் எழுதிய வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். 49 வயது. உங்கள் கணவர் அப்போது சின்னப் பிள்ளையாக இருந்திருப்பார். அவர் 'தலையெழுத்து' என்று சொல்வதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா போன வயதுக்கு இன்னும் இரண்டே வருஷம் இருக்கிற ஒரு மகனின் பயம் அது.

ஆனால் அந்தக் கணக்கு சரியில்லை. மாமனார் புகைபிடித்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. அவர் இறந்த மறு வருஷம், 1987-ல், மொரீசியஸில் நடந்த பெரிய நலவாழ்வுக் கணக்கெடுப்பில் ஆண்களில் நூற்றுக்கு 58 பேர் புகைபிடித்தார்கள். அவருடைய இரத்த அழுத்தத்தை யாராவது ஒரு முறையாவது பார்த்தார்களா என்பதும் நமக்குத் தெரியாது. ஒல்லியாக இருந்தால் புகையிலையிலிருந்தும் உயர் அழுத்தத்திலிருந்தும் தப்பலாம் என்று எந்த விதியும் இல்லை. எடை இதயத்தைக் கெடுக்கும் காரணங்களில் ஒன்று, அவ்வளவுதான். மற்றவை ஒல்லியானவரையும் பிடிக்கும்.

2004-ல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தவர்களை ஆராய்ந்தது. புகை, கொலஸ்ட்ரால், உயர் அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய் பழம் குறைந்த சாப்பாடு, உடல் உழைப்பு இல்லாமை, மதுப் பழக்கம் என்ற ஒன்பது விஷயங்களை வைத்தே மாரடைப்பு ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கை விளக்க முடிந்தது. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள், கணக்கு பெரிதாக மாறவில்லை. அதே ஆய்வில் தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது, மற்றவர்களைவிடச் சுமார் ஆறு வருஷம் முன்னதாக. 55 வயதுக்குள் அப்பா இதய நோயில் இறந்திருந்தால் மகனுக்கு ஆபத்து கூடும் என்பது உண்மை. அதனால் அவர் மற்றவர்களைவிட முன்கூட்டியே, மற்றவர்களைவிடக் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு இருக்க அது காரணம் ஆகாது.

இனி விரதம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த இடம் அதுதான்.

பத்து நாள் விரதம் உடம்பைச் சுத்தப்படுத்தி, மிச்சமுள்ள 355 நாளுக்கும் கணக்கைத் தீர்த்துவிடாது. ஈரலும் சிறுநீரகமும் தினமும்தான் சுத்தம் செய்கின்றன. போதாததற்கு, நம் வீடுகளில் கரேம், அதாவது விரதச் சாப்பாடு, என்றால் பெரும்பாலும் வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு, பூரி, வடை, காத்தோ பிமா என்ற மிளகாய் வடை, பாயசம். கறி மீன் இல்லை என்பதால் அது இலேசான சாப்பாடு ஆகிவிடாது. விரத நாட்களில்தான் எண்ணெய்ச் சட்டி அடுப்பிலிருந்து இறங்குவதே இல்லை என்று என்னிடம் வரும் பெண்களே சொல்கிறார்கள். கடைசி நாளில் வாழையிலையில் பரிமாறும் ஏழு கறியை நான் எந்தக் குறையும் சொல்லமாட்டேன். பூசணி, வாழைக்காய், பலாக்காய், பருப்பு, கீரை, ரசம் என்று காய்கறியும் பயறும் நிறைந்த நல்ல சாப்பாடு அது. சோற்றை மட்டும் குறைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் அந்தப் பத்து நாளில் அவர் வேறொன்று செய்கிறார். சிகரெட்டைத் தொடுவதில்லை. இதை அவரோ நீங்களோ பெரிதாக நினைக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு இது மிகப் பெரிய விஷயம். புகையை விடும்போது எரிச்சல், தூக்கமின்மை, கை பரபரப்பு எல்லாம் முதல் மூன்று நாளில்தான் உச்சத்தில் இருக்கும். அப்புறம் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் படிப்படியாக அடங்கிவிடும். அதாவது ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அவர் மலையின் செங்குத்தான பகுதியை ஏறி முடித்துவிடுகிறார். பதினோராம் நாள் திரும்பக் கீழே இறங்கிவிடுகிறார்.

ஐந்தாறுதானே என்றும் சொல்ல முடியாது. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, இருபது பிடிப்பவரின் கூடுதல் இதய ஆபத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது என்று 2018-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். புகையைக் குறைப்பதில் இதயத்துக்கு லாபம் கொஞ்சம், முழுதாக விடுவதில்தான் நிறைய. விட்டு ஒரு வருஷம் ஆனால் அந்தக் கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. நான் சொல்லும் எந்த மாற்றமும் இதற்கு ஈடாகாது.

அந்தப் பத்து நாளும் அவரால் எப்படி முடிகிறது என்று யோசித்துப் பாருங்கள். முருகன் மேல் உள்ள பக்தி முதல் காரணம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கூடவே வீடு மொத்தமும் மாறிவிடுகிறது. ஃப்ரிட்ஜில் இறைச்சி இல்லை, ரம் பாட்டில் இல்லை. ஐந்து பேரும் ஒரே சாப்பாடு சாப்பிடுகிறீர்கள். நண்பர்கள் கையில் கோப்பையைத் திணிப்பதில்லை. 'இன்று வேண்டாமே' என்று யாரும் அவரிடம் கெஞ்ச வேண்டியதும் இல்லை. பதினோராம் நாள் காலையில் வீடு பழைய வீடாகிவிடுகிறது, அவரும் பழைய ஆளாகிவிடுகிறார். இதை அவருடைய மனஉறுதிக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன்.

இதே விஷயத்தை நம் நாடு ஒரு முறை பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறது. உங்கள் எண்ணெய்க் கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது. 1987 வரை இங்கே ரேஷன் எண்ணெயில் பெரும்பகுதி பாமாயில். அந்த வருஷம் அரசு அதைச் சோயா எண்ணெயாக மாற்றியது. என் அம்மா அப்போது பல நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார், வடை பழைய மாதிரி மொறுமொறுப்பாக வரவில்லை என்று. அப்புறம் பழகிவிட்டது. ஐந்து வருஷம் கழித்து, 1992-ல், திரும்பக் கணக்கெடுத்தபோது நாட்டின் சராசரி கொலஸ்ட்ரால் 5.5-லிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. அந்தக் குறைவில் எண்ணெய் மாற்றத்துக்குக் கணிசமான பங்கு உண்டு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதே காலத்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 58-லிருந்து 47 விழுக்காடாகக் குறைந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் ஒரே நாளில் மனஉறுதி பெற்றுவிடவில்லை. கடையில் கிடைத்த எண்ணெய் மாறியது, அதனால் சமையல் மாறியது, அதனால் இரத்தம் மாறியது.

அந்தக் கணக்கெடுப்பு இன்னொன்றையும் காட்டியது. கொலஸ்ட்ரால் இறங்கிய அதே ஐந்து வருஷத்தில் அதிக எடை உள்ளவர்கள் கூடினார்கள், சர்க்கரைப் பிரச்சினை குறையவில்லை. எண்ணெயின் வகை மாறினால் கொலஸ்ட்ரால் இறங்கும். ஆனால் எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரிதான். அளவு குறையாமல் வயிறு குறையாது.

ஆகவே தேங்காய் எண்ணெய்க்கு மாற வேண்டாம். அதில் நிறைகொழுப்பு எண்பது விழுக்காட்டுக்கும் மேல். பாமாயிலில் ஏறக்குறைய பாதி, சோயாவில் பதினைந்து அளவில்தான். நிறைகொழுப்பு எல்.டி.எல்.-ஐ ஏற்றும், அவருக்கு ஏற்கனவே 3.9 இருக்கிறது. சட்னிக்கும் சில கறிக்கும் தேங்காய் துருவிப் போடுவதை நான் தடுக்கவில்லை. தினசரிச் சமையலுக்குச் சோயா, சூரியகாந்தி, கனோலா எதுவும் சரி. நெய் பண்டிகைக்கு இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் மாற்ற வேண்டியது அளவை. ஐந்து பேருக்கு மாதம் ஆறு லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மில்லி, அதாவது எட்டுத் தேக்கரண்டி. பாதி போதும். மாதத்துக்கு மூன்று லிட்டர் மட்டும் வாங்குங்கள், இருபதாம் தேதி தீர்ந்தாலும் புதுப் பாட்டில் வாங்காதீர்கள். பாட்டிலிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றாமல் கரண்டியால் அளந்து விடுங்கள். பொரிப்பது வாரத்துக்கு ஒரு நாள், பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கக் கூடாது. இதில் யாரிடமும் வாய்ச்சண்டை தேவையில்லை. அலமாரியில் இல்லாத எண்ணெய் சட்டிக்கு வராது.

அவருடைய ட்ரைகிளிசரைடுக்கும் சர்க்கரைக்கும் எண்ணெயைவிட முக்கியமான காரணம் வெள்ளை மாவும் வெள்ளைச் சோறும் சர்க்கரையும் ரம்மும்தான். நம் தீவில் நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். காலையில் வெண்ணெய் தடவிய பேக்கரி ரொட்டி, பத்து மணிக்கு ஒரு ஜோடி தால் பூரி, மதியம் சோறோ மின் ஃப்ரியோ (வறுத்த நூடுல்ஸ்), நாலு மணிக்கு டீயோடு திரும்ப ரொட்டி, இரவு சோறு அல்லது ஃபராட்டா (பரோட்டா). ஐந்து வேளையும் மாவுச்சத்துதான். தால் பூரியில் பருப்பு இருக்கிறதே என்பார்கள், இருக்கிறது, ஆனால் சுற்றியிருக்கும் மைதாவும் எண்ணெயும் அதைவிட அதிகம். தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ, மீதிக் கால் பங்கு மட்டும் சோறு. இதை அவர் தட்டில் மட்டும் செய்தால் நோயாளிச் சாப்பாடு ஆகிவிடும், அவருக்குக் கோபம் வரும். ஐந்து தட்டிலும் செய்யுங்கள். பீர்க்கங்காய், புடலை, பாகல், வெண்டை, பூசணித் தளிர், வல்லாரை எல்லாம் இங்கே சந்தையில் கிடைக்கின்றன. பீர்க்கங்காயை இங்கே கிரியோல் பேசுகிறவர்களும் 'பிப்பாங்காய்' என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள், நம் முன்னோர் கப்பலில் கொண்டுவந்த சொல். அவர்கள் நட்டுத் தின்றதைத்தான் திரும்பத் தின்னச் சொல்கிறேன்.

டீயில் மூன்று கரண்டி சர்க்கரை என்றால் வாரம் அரைக் கரண்டியாகக் குறைத்தால் ஒன்றரை மாதத்தில் நாக்கு பழகிவிடும். கோலா போன்ற பானம் ஒரு டின்னில் 35 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

உப்பைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நேராக அழுத்தத்தைத் தொடுகிறது. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சின்னக் கரண்டிக்குள் இருக்க வேண்டும். இதில் ரொட்டிக்குள் இருப்பது, ருகாய் என்ற தக்காளிக் குழம்பில் போடும் மசாலாக் கட்டி, சோயா சாஸ், அஷார் என்ற ஊறுகாய், உப்பு மீன், சீஸ், சாஸேஜ் எல்லாம் சேர்த்தி. அடுப்பில் நீங்கள் போடும் உப்பை மட்டும் குறைத்துவிட்டு மசாலாக் கட்டியைத் தொடர்ந்தால் பலன் தெரியாது. அந்தக் கட்டியை முதலில் நிறுத்துங்கள். இஞ்சி, பூண்டு, தைம், புளி, கறிவேப்பிலை இருக்கும் சமையலறைக்கு அது தேவையே இல்லை. உப்பு மீனை மாதம் ஒரு முறை, நன்றாக ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கலாம். மற்ற நாளில் மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களைக் குழம்பாகவோ சுட்டோ வாரம் இரண்டு முறை சாப்பிடட்டும்.

மாமியார் கொடுக்கும் முருங்கை நீருக்கு வருகிறேன். முருங்கைக் கீரை அருமையான உணவு. பருப்போடு சேர்த்துக் கீரையாகவே போடச் சொல்லுங்கள், நார்ச்சத்தும் கிடைக்கும். ஆனால் 150/94-ஐ அது மட்டும் இறக்கிவிடாது. மாத்திரையும் கீரையும் சண்டைக்காரர்கள் இல்லை. இரண்டும் இருக்கட்டும்.

'சாப்பாட்டாலேயே சரி செய்ய முடியுமா' என்று கேட்டீர்கள். அவருடைய நிலையில் சாப்பாடும் மாத்திரையும் சேர்ந்துதான். எடையில் ஒரு கிலோ குறைந்தால் மேல் அழுத்தம் தோராயமாக ஒரு புள்ளி இறங்கும், உப்பு குறைந்தால் இன்னும் கொஞ்சம். ஆறு மாதத்தில் நான்கு கிலோ குறைத்து, இடுப்பை 93-க்குக் கொண்டுவந்தால், அப்போது மாத்திரையின் அளவைக் குறைக்கலாமா என்று டாக்டர் பார்ப்பார். அந்த முடிவை அவராக எடுக்கக் கூடாது. எல்.டி.எல்.-க்கு ஸ்டேட்டின் மாத்திரை வேண்டுமா என்ற பேச்சும் வரும். அப்பாவின் வயதையும் புகைப்பழக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது வேண்டும் என்று சொல்லவே வாய்ப்பு அதிகம். மறுக்க வேண்டாம். ஈ.சி.ஜி., சிறுநீரில் ஆல்புமின், கிரியாட்டினின், மூன்று மாதச் சர்க்கரை அளவு இவற்றையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவத்தில் இதற்கெல்லாம் காசு இல்லை.

தராசு நகரவில்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் கவனித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் 28 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாக இறங்கவில்லை. நம்மைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களிடம் செய்த ஆய்வு என்பதால் இதை நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

நடை வாரத்துக்கு 150 நிமிடம். ஜிம் தேவையில்லை. எபெனுக்குப் போகும்போது ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடக்கலாம், சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறுவது நன்றாகக் குறையும். இரவு ஷிஃப்ட்தான் எனக்குக் கவலை. விடிகாலை இரண்டு மணிக்கு மெஷினிலிருந்து சிப்ஸும் கோலாவும் எடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். வீட்டிலிருந்தே டப்பா கட்டிக் கொடுங்கள். வேகவைத்த கடலை, ஒரு முட்டை, பழம், தயிர் போதும். முக்கியச் சாப்பாட்டை வேலைக்குப் போகுமுன் முடித்துவிடட்டும். பகலில் தூங்கும் அறையை இருட்டாக்கி, ஏழு மணி நேரம் அவரை யாரும் எழுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் குறைந்தால் அழுத்தமும் பசியும் இரண்டும் கூடும்.

நெஞ்சில் பாரம், இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத மூச்சிரைப்பு, இவற்றில் எது வந்தாலும் வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே 114-க்கு அழையுங்கள். அவரே வண்டி ஓட்டிக்கொண்டு போக விடாதீர்கள். இதை வீட்டில் எல்லோரும், பிள்ளைகளும், தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கடைசியாகச் சண்டை. நீங்கள் சொன்னால் அவர் கேட்கமாட்டார் என்றால் நீங்கள் சொல்ல வேண்டாம். உங்கள் மாமியாரிடம் பேசுங்கள். 1986-ல் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு கணவனைப் பறிகொடுத்தவர் அவர். இந்த வீட்டில் அந்தப் பயத்தை அவரைவிட ஆழமாக அறிந்தவர் யாரும் இல்லை. முருங்கை இலையை வேகவைப்பது அந்தப் பயம்தான். அவர் சமையலை மாற்ற வேண்டும் என்று குறை சொல்லாதீர்கள். விரதத்தை முன்னின்று நடத்துகிறவர் அவர்தானே. மாதம் மூன்று லிட்டர் என்ற கணக்கை அவர் கையில் கொடுங்கள், மசாலாக் கட்டியை நிறுத்தும் பொறுப்பையும் கொடுங்கள். மகன் மாத்திரை போட்டானா என்று இரவு ஒரு வார்த்தை அவர் கேட்கட்டும். நீங்கள் கேட்டால் சண்டை, அம்மா கேட்டால் பதில் வரும்.

சிகரெட்டுக்கு அடுத்த தைப்பூசம் வரை காத்திருக்க வேண்டாம். முருகனுக்கு வெள்ளிக்கிழமையும் கிருத்திகையும் உண்டு. ஒரு நல்ல நாள் பார்த்து அவரே பத்து நாள் விரதம் தொடங்கட்டும், வீடு மொத்தமும் அவரோடு இருங்கள். பதினோராம் நாள் காலை அவர் எழுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு சிகரெட்டும் தீப்பெட்டியும் இருக்கக் கூடாது, சமையலும் முந்தின நாள் மாதிரியே இருக்கட்டும். அன்று சாயந்திரம் அவரோடு நீங்களும் நடக்கப் போங்கள். பன்னிரண்டாம் நாளும் அப்படியே. மூன்று வாரம் கடந்தபின் நண்பர்களின் சனிக்கிழமைக்குப் போகலாம். அதற்கு முன்னால் போக வேண்டாம், ரம் கோப்பை கையில் இருக்கும்போதுதான் பழைய சிகரெட் திரும்ப வரும்.

இவ்வளவு எழுதிய நீங்கள் உங்களைப் பற்றி ஒரு எண்கூடத் தரவில்லை, சகோதரி. உங்களுக்கும் அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் பாருங்கள், நாடாவை எடுத்து உங்கள் இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து இருவருடைய எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.